பெல்லமி ஏரிக்கு இரண்டு பெட்டிசம்

செவன் ஹில்ஸ்,
சிட்னி,
5.10.1975

அன்புத் தம்பி வரதனுக்கு,

இங்கே நானும் அத்தானும் பிள்ளைகள் இருவரும் சுகம். நீயும் சுகம் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைக்கத்தான் முடியும், எழுதினால்தானே தெரியும். ஓகஸ்டில் ஒரு கடிதம் போட்டாய். எட்டு வரி. அதில் ஐந்து வரி மெல்பேர்ண் குளிர். குளிரையும் மழையையும் நான் ரேடியோவில் கேட்டுக்கொள்வேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, யாரோடாவது கதைக்கிறாயா, அதை எழுது.

நீ எங்களை விட்டு அங்கே போய் இரண்டு வருடம். ஒரு சினேகிதன் பெயராவது உன் கடிதத்தில் வந்ததில்லை. முப்பத்தெட்டு வயது மனிதன் ஒரு அறைக்குள் இருந்து பாணும் பருப்பும் தின்றுகொண்டிருந்தால் எனக்கு இங்கே சோறு இறங்குமா? கொழும்புக் கந்தோரில் பெரிய கிளாக்கருக்கு மேல் பெட்டிசம் போட்டு அம்பாறைக்கு மாற்றம் வாங்கினாய். அம்பாறையில் தபால்காரனுக்கு மேல் போட்டாய். சிட்னியில் வந்து இறங்கி மூன்றாம் மாதம் பஸ் ட்ரைவருக்கு மேல். எதற்கெடுத்தாலும் மேலிடத்துக்கு எழுதி எழுதி, பக்கத்தில் இருந்த சனமெல்லாம் உன்னை விட்டுப் போய்விட்டது. அங்கேயும் தொடங்கிவிட்டாயோ என்று பயமாக இருக்கிறது.

மறுதபாலில் பதில் வேண்டும்.

உன் அக்கா,
பவளம்

*

சன்ஷைன், மெல்பேர்ண்,
26.10.1975

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதமும் கோபமும் பழுதில்லாமல் வந்து சேர்ந்தன. நான் சுகம். காய்ச்சல், தடிமன் ஒன்றும் இல்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் மொட்டைப் பெட்டிசம் போடுகிறவன் அல்ல. ஒவ்வொன்றிலும் என் முழுப் பெயரும் விலாசமும் கையெழுத்தும் இருந்தன. எழுதிய விஷயங்களும் முழு உண்மை.

சினேகிதன் பெயர் கேட்டீர்கள். றொன். எங்கள் தொழிற்சாலையில் பிற்றர். நான் கீறுகிற படத்தைப் பார்த்து இரும்பு வெட்டுகிறவன். இங்கிலாந்தில் லீட்ஸ் பக்கத்து ஆள். "ஞாயிற்றுக்கிழமையில நீ என்ன செய்யிறனி?" என்று கேட்டான். உடுப்புத் தோய்க்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு என்னை அவன் விடவில்லை. ஒரு மீன்பிடிச் சங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

பெல்லமி ஏரி என்பது பழைய கல்லுக்கிடங்கு. தண்ணீர் நிரம்பி ஏரியாகிவிட்டது. கரையைச் சுற்றி நாற்பது மரக்கட்டை நட்டு இலக்கம் போட்டிருக்கிறார்கள். காலையில் பிஸ்கட் தகரப் பேணிக்குள் கையை விட்டு ஒரு கடதாசித் துண்டு எடுக்க வேண்டும். எந்த இலக்கம் வருகிறதோ அந்தக் கட்டைக்குப் பக்கத்தில்தான் இருக்கலாம். தோளோடு தோள் முட்ட நாற்பது பேர். ஒரு விசில், தூண்டில் போடுகிறார்கள். ஐந்து மணித்தியாலம் கழித்து இன்னொரு விசில். பிடித்ததெல்லாம் தண்ணீருக்குள் தொங்குகிற நீள வலைப்பையில் உயிரோடு கிடக்கும். செயலாளர் ஸ்டான்லி தராசோடு ஒவ்வொருவரிடமும் வந்து நிறுத்து எழுதுகிறார். யாருக்கு நிறை கூடவோ அவர் வென்றவர்.

அதுக்குப் பிறகு, அக்கா, அவ்வளவு மீனையும் திரும்ப ஏரிக்குள் விட்டுவிடுகிறார்கள். குழந்தைப்பிள்ளையைத் தொட்டிலில் வைக்கிறது போலப் பக்குவமாக விடுகிறார்கள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறும் போகிறேன். அத்தான் ஏன் ஒரு வரிகூட எழுதுவதில்லை?

அன்புத் தம்பி,
வரதராஜா

*

செவன் ஹில்ஸ்,
9.11.1975

தம்பிக்கு,

எல்லோரும் சுகம். சின்னவளுக்குப் பல் விழுந்துவிட்டது.

பிடித்த மீனைத் திரும்ப விடுகிறார்களா? விசர்ச் சனம். கிட்ட இருக்கிற எங்கள் ஊர்க் கல்யாணசுந்தரம் அண்ணையிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை. நான் மீன் கழுவத் தொடங்கினால் பக்கத்து வீட்டுப் பூனைகூட வந்து நிற்கிறது, அந்த ஊர்ப் பூனைகள் என்ன செய்கிறதோ தெரியாது.

ஆனாலும் எனக்கு மனம் ஆறுதல். விசராக இருந்தாலும் சனம் சனம்தானே. போ. ஒரு ஞாயிறும் தவறாமல் போ. அவர்கள் தண்ணீருக்குள் விட்டால் நீயும் விடு. அவர்கள் பாட்டுப் பாடினால் நீயும் பாடு. யாராவது பிழை விட்டால் கண்ணை மூடிக்கொள். பேனையை மட்டும் எடுக்காதே.

அத்தானுக்கு வேலை கூட. அதுதான் எழுதுவதில்லை. அதைப் பெரிதுபடுத்தாதே.

அக்கா

*

சன்ஷைன்,
7.12.1975

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நாலு கிழமை எழுதாததற்குக் காரணம் எனக்கு நேரம் இல்லை. சிரிக்க வேண்டாம், உண்மையாகவே நேரம் இல்லை.

பெல்லமி ஏரியின் சூத்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். நாற்பது பேரும் ஈயக்குண்டு கட்டி ஏரியின் நடுவுக்கு எறிகிறார்கள். தொம் தொம் என்று விழுந்துகொண்டிருந்தால் பெரிய மீன் அங்கே நிற்குமா? அது பயந்து கரைக்கு வந்து எங்கள் காலடியில் புல்லுக்குள் நிற்கிறது. சனம் கூடினால் பெரிய மீன் கரைக்கு வரும். இது ஒருவருக்கும் தெரியவில்லை. நான் நடுவுக்கு எறிகிறதில்லை. கை எட்டுகிற தூரத்தில், சத்தம் போடாமல், தக்கையை இறக்கிவிட்டு அசையாமல் இருக்கிறேன்.

இரை என்ன தெரியுமா? முதல்நாள் அவித்த புட்டு. அவர்கள் பாண்தூளைக் குழைத்து உருண்டை பிடித்து எறிகிறார்கள், அது விழுந்தவுடன் கரைகிறது. புட்டு நிலத்தில் போய் மெல்ல உதிர்கிறது. டென்ச் என்று ஒரு பச்சை மீன், வழுவழுப்பு, சிவப்புக் கண். அது வந்து மேய்கிறபோது கடுகு வெடிக்கிறது போலச் சின்னச் சின்னக் குமிழி மேலே வரும். தக்கை கொஞ்சம் சரியும். பொறுக்க வேண்டும். பிறகு நிமிரும், பிறகு சறுக்கிக்கொண்டு போகும். அப்போது இழுத்தால் சரி. போன கிழமை எட்டு டென்ச். நான் மூன்றாவது. ஸ்டான்லி என் பெயரை "வராஜா" என்று பிழையாக வாசித்தார், நாற்பது பேரும் கைதட்டினார்கள்.

நத்தார், கிறிஸ்மஸ் லீவுக்கு அங்கே வரமாட்டேன். றொன் வீட்டில் சாப்பாடு. போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது (உங்களுக்கு எழுதவில்லை) மூன்று நாளும் அவன் மனைவி சூப் கொடுத்துவிட்டாள். உப்பு இல்லை, நான் ஒன்றும் சொல்லவில்லை.

தம்பி வரதன்

*

சன்ஷைன்,
18.1.1976

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை. மன்னிக்கவும். இன்று நடந்த அநியாயத்தை இன்றே எழுதுகிறேன்.

வருடத்தின் பெரிய போட்டி. வெற்றிக்கிண்ணம். எனக்கு இலக்கம் பதினேழு, பக்கத்தில் பதினெட்டில் றொன். மதியத்துக்குள் ஒன்பது டென்ச் பையில். பிறகு தக்கை ஒரே அடியாக மறைந்தது. இருபது நிமிடம். தடி வில்லாக வளைந்து, நூல் விரலை அறுத்து, பக்கத்திலிருந்த ஆறு பேர் தங்கள் தூண்டிலை எடுத்துவிட்டு எழுந்து நின்று பார்த்தார்கள். கார்ப், அக்கா. பொன் நிறம், செதில் ஒவ்வொன்றும் ஐம்பது சத நாணயம் அளவு. பதினாறு இறாத்தலுக்குக் குறையாது. அந்த ஏரியில் அப்படி ஒரு மீனை ஒருவரும் கண்டதில்லை.

என் வலைப்பை சின்னது. அதைவிட, கார்ப்பை உயிரோடு வைத்திருக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். நூலகத்தில் அரசாங்க வர்த்தமானியில் வாசித்திருக்கிறேன். கார்ப் தீங்கு செய்யும் மீன், அகப்பட்டால் உயிருடன் திரும்பத் தண்ணீரில் விடக் கூடாது, இதுதான் சட்டம். அதனால் தலையில் ஒரு தட்டுத் தட்டி ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன். இரவு ஒரு குழம்பு என்றும் நினைத்தேன், பொய் சொல்லவில்லை.

ஸ்டான்லி தராசோடு வந்தார். செத்த மீன் நிறுக்கப்படாதாம். அது சங்கத்தின் விதியாம். "வராஜா, உயிரோடை இல்லாட்டி கணக்கில்லை, எல்லாருக்கும் ஒண்டுதான்" என்றார். சட்டத்தைச் சொன்னேன். "இஞ்சை நாங்கள் அதைப் பாக்கிறதில்லை" என்றார். டென்ச்சை மட்டும் நிறுத்தார். கிண்ணம் றொனுக்குப் போனது. றொன் வாங்கிக்கொண்டான். ஒரு வார்த்தை பேசவில்லை.

சட்டத்தை மதித்தவன் தோற்றான், மீறுகிற நாற்பது பேர் கைதட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இதை நான் சும்மா விடுகிறவன் இல்லை.

வ. வரதராஜா

*

செவன் ஹில்ஸ்,
23.1.1976

தம்பி,

உன் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. அடுப்பில் கறி இருக்கிறது, நின்றுகொண்டு எழுதுகிறேன்.

எழுதாதே. ஒருவருக்கும் எழுதாதே. சட்டம் உன் பக்கம்தான், ஓம், நீதான் சரி, உன்னைப் போலச் சரியான மனிதன் அவுஸ்திரேலியாவில் இல்லை. போதுமா? மீனைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டாய்தானே, அதோடு விடு.

உனக்குக் காய்ச்சல் வந்தபோது வர்த்தமானியா சூப் கொடுத்துவிட்டது?

எழுதவில்லை என்று ஒரு வரி போடு.

அக்கா

*

செவன் ஹில்ஸ்,
20.2.1976

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நாலு கிழமை. ஒரு வரி கேட்டேன், அதற்கும் வழியில்லை. நேற்று உன் தொழிற்சாலைக்கு ரெலிபோன் எடுப்போமா என்று கல்யாணசுந்தரம் அண்ணை வீடு வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். எடுத்து என்ன கேட்பது? "என் தம்பி பெட்டிசம் போட்டவரோ?" என்றா?

நீ பேசாமல் இருந்தால் எனக்குப் பதில் தெரியும் என்பது உனக்குத் தெரியாதா?

பவளம்

*

சன்ஷைன்,
7.3.1976

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உங்கள் எல்லோருடைய நலமும் அறிய ஆவல். இங்கே இப்போது வெயில் குறைந்துவிட்டது. காலையில் கொஞ்சம் பனி. தக்காளி மலிவு.

போன சனி றொன் அறைக்கு வந்தான். கையில் கடதாசிப் பை, அதற்குள் அந்தக் கிண்ணம். "இது உன்ர மீன்தான், எனக்குத் தெரியும். அண்டைக்குச் சொல்ல வாய் வரேல்லை. ஆறு மாதம் உன்னட்டை இருக்கட்டும், ஆறு மாதம் என்னட்டை" என்றான். அவன் மனைவிதான் முதலில் சொன்னாளாம். ஸ்டான்லியும் சம்மதமாம். வருகிற வருடத்திலிருந்து செத்த கார்ப்பையும் நிறுக்கலாம் என்று விதியை மாற்றப் போகிறார்களாம். என்னைச் சங்கத்தின் செயற்குழுவில் சேர்த்திருக்கிறார்கள். கிண்ணம் இப்போது என் மேசையில் இருக்கிறது.

அத்தானிடம் ஒன்று கேட்டுச் சொல்ல முடியுமா? இந்த நாட்டில் அரசாங்கத் திணைக்களம் ஒன்றுக்கு அனுப்பிய கடிதத்தைத் திருப்பி எடுக்க ஏதாவது வழிமுறை உண்டா? இங்கே ஒரு நண்பர் கேட்கிறார்.

தம்பி

*

செவன் ஹில்ஸ்,
13.3.1976

தம்பி,

ஒரு நண்பரா?

அந்த நண்பருக்குச் சொல்லு, எறிந்த கல்லையும் போட்ட கடிதத்தையும் பொறுக்கி எடுக்கிற கந்தோர் இங்கேயும் இல்லை. இன்னொரு கடிதம் எழுதி முந்தியதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று கேட்கலாமாம். அத்தானிடம் நான் கேட்கவில்லை. கல்யாணசுந்தரம் அண்ணைதான் சொன்னார்.

நீ வந்து எதிரில் இருந்தால் இரண்டு அறை போட்டிருப்பேன். சனம் உன்னை விரும்புகிறது என்று உனக்கு ஏனடா நம்பிக்கை வருவதில்லை? ஏழு கிழமை பொறுத்திருந்தால் கிண்ணமும் வந்திருக்கும், விதியும் மாறியிருக்கும், நீ ஒரு எழுத்தும் எழுதியிருக்க வேண்டியதில்லை.

அக்கா

*

சன்ஷைன்,
11.4.1976

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு சுகம்.

அந்த இரண்டாவது கடிதத்தை மார்ச் மாதமே எழுதினேன். பதில் வரவில்லை. போன கிழமை ஏரிக்குப் போனபோது இலக்கம் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒரு பலகை நட்டிருந்தது. பெல்லமி ஏரியில் கார்ப் பெருகியிருப்பதாகத் திணைக்களத்துக்கு அறியக் கிடைத்ததாம். ஜூன் மாதம் மருந்து போட்டு அவ்வளவு மீனையும் அழித்து, தண்ணீரை இறைத்துவிடப் போகிறார்களாம். டென்ச்சும் போய்விடும். மருந்துக்கு எது கார்ப், எது டென்ச் என்று தெரியாது.

ஒருவரும் தூண்டிலை எடுக்கவில்லை. கரையில் நின்றார்கள். ஸ்டான்லி பன்னிரண்டு வருடமாக அந்தக் கரையில் புல் வெட்டுகிற மனிதன், தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். "ஆரோ ஒருத்தன் எழுதிப் போட்டிருக்கிறான்" என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர், அது பக்கத்து ஆட்டுப்பண்ணைக்காரன்தான் என்றார். எல்லோரும் ஆட்டுப்பண்ணைக்காரனைத் திட்டினார்கள்.

பிறகு ஸ்டான்லி என்னிடம் வந்தார். "வராஜா, எங்களுக்கு இங்கிலிஷ் பேசத்தான் தெரியும், எழுத வராது. நீதான் படிச்சவன். திணைக்களத்துக்கு ஒரு நல்ல பெட்டிசம் எழுதித் தாவன்" என்றார். நாற்பது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எழுதினேன். மூன்று பக்கம். என் வாழ்நாளில் எழுதியதில் அதுதான் நல்லது. அந்த ஞாயிற்றுக்கிழமைகள் இல்லாவிட்டால் சிலருக்கு ஒருவரும் இல்லை என்று எழுதினேன். றொன் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு என் முதுகில் தட்டினான். எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். பதில் வருவதற்கு என் விலாசத்தைப் போட்டிருக்கிறது.

ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் இருந்தால் ஒருவருக்கும் நட்டமில்லைத்தானே?

வரதன்

*

செவன் ஹில்ஸ்,
18.4.1976

அன்புத் தம்பிக்கு,

நட்டமில்லையா? இதை எழுதுவதில்லை என்று இரண்டரை வருடமாக இருந்தேன். இன்றைக்கு எழுதுகிறேன்.

மெரிலேண்ட்ஸ் வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தபோது பின் கூரை ஒழுகியது ஞாபகம் இருக்கிறதா? வீட்டுக்காரன் திருத்தித் தரவில்லை. நீ மெல்பேர்ணுக்கு ரெயில் ஏறுகிற கிழமை, எங்களிடம் சொல்லாமல், கவுன்சிலுக்கு ஒரு பெட்டிசம் எழுதிப் போட்டுவிட்டுப் போனாய். அக்காவுக்குச் செய்கிற உதவி என்று நினைத்திருப்பாய். கவுன்சில் ஆட்கள் வந்து பார்த்தார்கள். பின்பக்கம் மனிதர் இருக்கத் தகுதியில்லை என்று எழுதினார்கள். வீட்டுக்காரன் எங்களை இரண்டு கிழமையில் வெளியே போகச் சொன்னான். உன் கடிதத்தின் பிரதியை அத்தானின் கையில் கொடுத்துவிட்டுத்தான் சொன்னான்.

அத்தானின் வேலைக்குக் கிட்ட என்றுதான் செவன் ஹில்ஸ் வந்தோம் என்று உனக்கு எழுதினேன். அது பொய். வரும் முன்னம் ஆறு கிழமை கல்யாணசுந்தரம் அண்ணையின் கராஜில் இருந்தோம். சின்னவளுக்கு அங்கேதான் மூச்சிழுப்பு வந்தது. அத்தான் அன்றைக்கு ஒரு சொல் சொன்னார், "உன்ர தம்பி என்ர முகத்தைப் பாத்து ஒரு கதை சொல்லியிருக்கலாம்." அதற்குப் பிறகு உன் பெயரை எடுப்பதில்லை. வேலை கூட என்று நான் உனக்கு எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

நீ மனம் நொந்துவிடுவாய் என்றுதான் மறைத்தேன். மறைத்ததால் என்ன வந்தது? உனக்குப் புத்தியும் வரவில்லை, அத்தானுக்கு மனமும் ஆறவில்லை. ஆகவே உனக்குச் சொல்கிறேன், அந்தச் சனத்திடம் போய்ச் சொல்லு. அவர்கள் உன்னை வெளியே போடுவார்கள். அது தெரிந்துதான் சொல்லச் சொல்கிறேன்.

அக்கா பவளம்

*

சன்ஷைன்,
24.5.1976

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு ஐந்து கிழமை பதில் எழுத முடியவில்லை. எத்தனை தரம் தொடங்கினேன் என்று கேட்க வேண்டாம். சின்னவளுக்கு இப்போது இழுப்பு எப்படி?

திணைக்களத்தின் பதில் போன புதன் என் விலாசத்துக்கு வந்தது. சங்கத்தின் வேண்டுகோளை ஏற்க முடியாதாம். முதல் பந்தியில் இப்படி இருந்தது: "இந்த விடயம் உங்கள் சங்க உறுப்பினர் திரு. வ. வரதராஜா அவர்கள் ஜனவரி 19இல் எழுதிய கடிதத்தின் மூலமே எமது கவனத்துக்கு வந்தது." முழுப் பெயர், அக்கா, ஒரு எழுத்தும் பிழையில்லை. இந்த நாட்டில் என் பெயரைச் சரியாக எழுதிய முதல் ஆட்கள் அவர்கள்தான்.

கடிதம் என்னிடம் மட்டும்தான் இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு, மறுத்துவிட்டார்கள் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். மூன்று நாள் அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்றுக் காலை, இலக்கம் எடுக்க எல்லோரும் கூடி நின்றபோது, முழுவதையும் உரத்து வாசித்தேன். என் பெயர் வந்த வரியில் நிறுத்தினேன். திரும்ப ஒரு தரம் வாசித்தேன்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. ஸ்டான்லி கடிதத்தை வாங்கி, தானே ஒருமுறை வாசித்து, மடித்துத் திருப்பித் தந்தார். பிறகு கை உயர்த்தச் சொன்னார். என்னை நீக்குவதற்கு முப்பத்தொரு கை. வேண்டாம் என்று எட்டு. றொன் இரண்டுக்கும் கை உயர்த்தவில்லை. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் மிகக் குறைவு.

அரை மணித்தியாலத்தில் றொனின் கார் வந்து பக்கத்தில் நின்றது. கதவைத் திறந்துவிட்டான். என் அறை வாசலில் நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே கேட்டான். அவன் ஆங்கிலத்தில் கேட்டதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்: "உனக்குக் கோபமெண்டால் என்னட்டைச் சொல்லியிருக்கலாமே. நான் பதினெட்டாம் கட்டையிலைதானே இருந்தனான். கை நீட்டினால் தொடுற தூரம்."

உண்மையைச் சொல்கிறேன், அக்கா. கோபம் வந்தால் அந்த ஆளிடமே சொல்லலாம் என்பது எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. சொன்னால் அந்த ஆள் போய்விடுவான் என்று பயம். எழுதினால் யாரோ ஒரு பெரிய மனிதன் பார்த்துச் சரிப்படுத்துவான் என்று நினைத்தேன். கிண்ணத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். "ஆறு மாதம் இன்னும் முடியேல்லை" என்று சொல்லி, அதை வாங்காமலே போய்விட்டான். திரும்ப வருவானோ தெரியாது.

ஆகவே உங்களிடமிருந்து தொடங்குகிறேன். எனக்கு உங்கள்மேல் கோபம். அந்தக் கராஜையும் பிள்ளையின் இழுப்பையும் இரண்டரை வருடம் என்னிடம் மறைத்தீர்கள். அன்றைக்கே என்னைக் கூப்பிட்டுக் கிழிகிழி என்று கிழித்திருக்க வேண்டும். இதை எழுதப் பயம்தான், ஆனாலும் எழுதிவிட்டேன்.

ஜூன் 12, சனிக்கிழமை காலை சிட்னிக்கு ரெயிலில் வருகிறேன். அத்தானை வீட்டில் நிற்கச் சொல்லுங்கள். நான் வருகிறேன் என்று சொல்லியே நிற்கச் சொல்லுங்கள். அவருக்கு என்னிடம் சொல்ல நிறைய இருக்கும். அவர் சொல்லி முடியும்வரை நான் வாய் திறக்கமாட்டேன்.

உங்கள் தம்பி,
வரதன்